எழுதத் தெரியாமல் தொடங்கி 115 நாவல்கள்!

'நாவல் ராணி' வை.மு.கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கை

சென்னை சாந்தோம் மாதா கோயிலில் இருந்து கடற்கரைச் சாலை வழியாக வடக்கே நடந்தால், திருவல்லிக்கேணி வந்துவிடும். வழியில், கடலைப் பார்த்தபடி ராணி மேரிக் கல்லூரி நிற்கிறது. சென்னை நகரத்தில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி அது. 1914-ம் ஆண்டு தொடங்கியது.

அதே 1914-ம் ஆண்டில், திருவல்லிக்கேணியில் ஒரு வைணவக் குடும்பத்தில் 12 வயது மருமகள் ஒருவர் இருந்தார். மாமியார் வீட்டில் கோலம் போட்டார். கூட்டத்தோடு கோயிலுக்குப் போய் வந்தார். அவருக்குப் பள்ளிக்கூட வாசனையே கிடையாது. ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றால் கூட அடுத்தவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

அந்த மருமகள் பிற்காலத்தில் 115 நாவல்களை எழுதினார். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் அவர்தான். ஒரு மாதப் பத்திரிகையை 35 ஆண்டு நடத்தினார். மேடை ஏறிப் பேசினார். பாடினார். சிறைக்கும் போனார்.

அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

ஐந்தரை வயதில் கல்யாணம்

கோதைநாயகி 1901-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பிறந்தார். ஊர், காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள நீர்வளூர். குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்து விட்டார். பாட்டியும் சிறிய தகப்பனாரும் வளர்த்தார்கள்.

அவர் பிறந்த ஆண்டில்தான் இந்தியாவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். நாடு முழுவதிலும் நூறு பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடத் தேறவில்லை! ஆகவே கோதைநாயகியைப் பள்ளிக்கு அனுப்பாதது அந்தக் காலத்தில் யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

1907-ம் ஆண்டு கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது ஐந்தரை. மாப்பிள்ளைக்கு ஒன்பது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வருவதற்கு இன்னும் 22 ஆண்டு இருந்தது.

மாப்பிள்ளையின் பெயர் பார்த்தசாரதி. வை.மு. என்பது அவருடைய குடும்பப் பெயர். "வைத்தமாநிதி முடும்பை" என்பதன் சுருக்கம் அது. தமிழ்ப் பண்டிதர்கள் நிறைந்த குடும்பம். கம்ப ராமாயணத்துக்கும் வில்லி பாரதத்துக்கும் உரை எழுதிய வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். வீடு நிறையப் புத்தகம். ஆனால் மருமகளுக்கு எழுத வராது!

எழுத வராதே தவிர, காது கூர்மையான காது. பாசுரங்களையும் புராணக் கதைகளையும் கேட்டே மனப்பாடம் செய்து கொண்டார். நல்ல குரல். பாட்டும் வந்தது. கணவர் பார்த்தசாரதி அந்தக் காலத்துக்கு அதிசயமான மனிதர். மனைவியை நாடகம் பார்க்க அழைத்துச் செல்வார். பார்த்து விட்டு வந்தால், கோதைநாயகி அந்தக் கதையை அப்படியே திருப்பிச் சொல்வார். சில நாளில் தன் சொந்தக் கதையும் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக் குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் வேலையை முடித்து விட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

கதை சொல்லும் பாட்டி எந்தத் தெருவிலும் உண்டு. கதை சொல்லும் இளம் மருமகள் புதுமை.

வாய் ஒருவருடையது, கை ஒருவருடையது

கோதைநாயகிக்குப் பட்டம்மாள் என்று ஒரு தோழி இருந்தார். அவருக்கு எழுதத் தெரியும். கோதைநாயகி மனத்தில் இருந்த ஒரு நாடகத்தை வரிவரியாகச் சொன்னார். பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். 1924-ல் அது புத்தகமாக அச்சேறியது. பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

அப்போது கோதைநாயகிக்கு வயது 22. தன் புத்தகத்தின் அட்டையில் தன் பெயர் அச்சாகி இருக்கிறது. அந்தப் பெயரைத் தன் கையால் தடையில்லாமல் எழுத முடியவில்லை. இந்தக் குறை எந்தப் பெண்ணுக்கும் உறுத்தாமல் இருக்குமா? அதே தோழியிடம் எழுதப் பழகினார். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம். பெரியவர்கள் எழுத்துக் கற்றுக் கொள்வது குழந்தைகள் கற்றுக் கொள்வதை விடக் கடினம். குழந்தைக்கு வெட்கம் இல்லை. பெரியவர்களுக்கு உண்டு. வெட்கத்தை விட்டுவிட்டுத்தான் பலகையைத் தொட வேண்டும்.

சில ஆண்டுகளில் அவருடைய பேனா நிற்காமல் ஓடத் தொடங்கி விட்டது.

பட்டணத்துக் கதைகள்

அவர் எழுத வந்த காலத்தில் நாவல் என்றாலே பல குடும்பங்களில் முகம் சுளித்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தெரிந்து கொள்ள லண்டன் வரை போய்வர வேண்டும்.

1840-களில் லண்டன் நகரில் ரெயினால்ட்ஸ் என்ற எழுத்தாளர் இருந்தார். நகரத்தின் மர்மங்களைத் தொடர்கதையாக எழுதினார். வாரம் ஒரு பகுதி. விலை ஒரு பென்னி. ஒவ்வொரு பகுதியின் முன் பக்கத்திலும் மரத்தில் செதுக்கி அச்சடித்த படம் இருக்கும். இருண்ட சந்து, முகமூடித் திருடன், மயங்கி விழும் சீமாட்டி என்று படத்தைப் பார்த்தவுடனே கை பைக்குள் போய்விடும். பாரிஸ் நகர மர்மங்களை எழுதிய யூஜின் சூ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இதற்கு வழி காட்டியவர். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த ஏழை ஜனங்கள், தாங்கள் வாழும் நகரத்தைப் பற்றி அந்தக் கதைகளில்தான் தெரிந்து கொண்டார்கள்.

ரெயினால்ட்சின் புத்தகங்கள் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தன. ஆங்கிலம் படித்தவர்கள் அவற்றை ஆவலோடு படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் அந்தக் கதைகளைத் தமிழ்ப் பெயரும் தமிழ் உடையும் கொடுத்து எழுதினார். ஜே.ஆர்.ரங்கராஜு 1908-ல் 'ராஜாம்பாள்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் தமிழ்நாட்டையே கலக்கினான். வடுவூர் துரைசாமி அய்யங்கார் 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' முதலிய நாவல்களால் பெரும் புகழ் பெற்றார்.

இந்த நாவல்களில் எல்லாம் பட்டணம்தான் மேடை. மோட்டார் வண்டி, மின்சார விளக்கு, டெலிபோன், போலீஸ் கமிஷனர், பொய் உயில், மாறுவேடம்! சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே ஓடத் தொடங்கி விட்டது. ஆனால் கும்பகோணத்திலோ கோவில்பட்டியிலோ உள்ள ஒரு வீட்டுப் பெண் டிராமை எங்கே பார்ப்பாள்? நாவலில்தான் பார்த்தாள். நகரத்துக்கு வராமலே நகரத்தில் வாழ்ந்தாள்.

அட்டை விஷயமும் அப்படித்தான். வெளிநாடுகளில் மலிவு விலைப் புத்தகங்களின் அட்டையே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. துப்பாக்கியும், தொப்பி போட்ட ஆளும், தெருவிளக்கின் கீழே பயந்து நிற்கும் பெண்ணுமாகப் படம் போட்டுத் தள்ளினார்கள். அமெரிக்காவில் 1939-க்குப் பிறகு 25 சென்ட் விலையில் வந்த சட்டைப்பைப் புத்தகங்கள் லட்சக் கணக்கில் விற்றதற்கு அந்த அட்டைகளும் ஒரு காரணம். தமிழில் அவ்வளவு பகட்டான அட்டைகள் பெருகியது பிற்காலத்தில், மாத நாவல்கள் வந்த பிறகு. படம் என்றால் பிளாக் செய்ய வேண்டும். வர்ணப் படம் என்றால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனி பிளாக். செலவு பிடிக்கும். அதனால் பழைய நாவல்களில் பெயரே படத்தின் வேலையைச் செய்தது. ஒரு பெயர் போதாது என்று "அல்லது" போட்டு இரண்டு பெயர் வைப்பார்கள். படிக்கிறவர் எதற்காவது மயங்காமல் போவாரா?

எப்படி இருந்தாலும், அட்டை ஒரு வாக்குறுதி. இந்தப் புத்தகத்தைத் திறந்தால் நீ பார்க்காத நகரத்தைக் காட்டுகிறேன் என்ற வாக்குறுதி. அதற்குத்தான் பெரியவர்கள் பயந்தார்கள். பெண்கள் நாவல் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்றார்கள். ராமாயணப் புத்தகத்துக்குள் நாவலை வைத்துப் படித்த பெண்கள் அக்காலத்தில் உண்டு.

பெண்கள் படிப்பதே தவறு என்ற காலத்தில், ஒரு பெண் அதை எழுதவும் வந்தார். அதுவும் துப்பறியும் கதை!

ஜகன்மோகினி

வடுவூர் துரைசாமி அய்யங்கார் கோதைநாயகிக்கு ஊக்கம் கொடுத்தார். 'ஜகன்மோகினி' என்று ஒரு பத்திரிகை அப்போது நின்று போயிருந்தது. அதை வாங்கி நடத்தும்படி அவர் யோசனை சொன்னார். 1925-ல் கோதைநாயகி அதை எடுத்துக் கொண்டார். அவருடைய முதல் நாவலான 'வைதேகி' அதில் தொடர்ந்து வெளியாயிற்று.

பத்திரிகை நடத்துவது என்றால் என்ன என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் பொறுக்கிக் கோக்க வேண்டும். கோத்ததை ஒரு தாளில் அச்செடுத்து, தப்புத் திருத்த வேண்டும். ஒரு பக்கத்தில் எழுத்து தலைகீழாக இருக்கும். இன்னொரு பக்கத்தில் ஒரு வரியே காணாமல் போயிருக்கும். பிறகு காகிதக் கடைக்குப் பணம், அச்சகத்துக்குப் பணம், தபால் தலைக்குப் பணம். வி.பி.பி.யில் அனுப்பிய புத்தகம் சில சமயம் திரும்பி வரும். மாதம் பிறந்தால் சந்தாதாரர் வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பார். தொடர்கதை எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்தாலும் கதாநாயகி ஆபத்திலேயே தொங்கிக் கொண்டிருக்க முடியாது!

இதை ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, 35 ஆண்டு செய்தார் கோதைநாயகி. நாளடைவில் சொந்த அச்சகமும் ஏற்பட்டது.

ஏச்சும் பேச்சும் இல்லாமல் இல்லை. திருவல்லிக்கேணி வீதிகளில் பரிகாசம் செய்தார்கள். குடும்பப் பெண் பத்திரிகை நடத்துவதா, ஆண்களோடு கணக்கு வழக்குப் பேசுவதா என்றார்கள். எழுதுவது அவர்தானா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அவர் பதில் சொல்லிக் கொண்டிருக்கவில்லை. அடுத்த நாவலை எழுதினார். கணவர் பார்த்தசாரதி கடைசி வரை பக்கத்திலேயே நின்றார். அந்த ஒரு மனிதர் வேறு விதமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அவருடைய நாவல்களின் பெயர்களைப் பாருங்கள்: 'பத்மசுந்தரன்', 'ராதாமணி', 'கௌரிமுகுந்தன்', 'ருக்மணிகாந்தன்', 'நளினசேகரன்'. சில பெயர்கள் ஒரு கதாநாயகியையும் ஒரு கதாநாயகனையும் முன்கூட்டியே கல்யாணம் செய்து வைத்தது போல இருக்கும். எத்தனை ஆபத்து வந்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒன்று சேர்ந்து விடுவார்கள் என்று படிக்கிறவருக்கு ஒரு தைரியம்.

அவர் காட்டிய பட்டணம் மற்றவர்கள் காட்டியதில் இருந்து கொஞ்சம் வேறுபட்டது. மர்மம் உண்டு, வஞ்சகன் உண்டு, மோட்டார் உண்டு. ஆனால் கதை சுற்றிச் சுற்றி வீட்டுக்குள் வரும். வரதட்சணை கேட்கும் சம்பந்தி, குடியால் கெட்ட குடும்பம், தலை மழித்து மூலையில் உட்கார்த்தப்பட்ட இளம் விதவை, கிழவனுக்குக் கட்டி வைக்கப்பட்ட பெண்! துப்பறிபவர் கண்டுபிடிக்கும் குற்றத்தை விட, யாரும் குற்றம் என்றே நினைக்காத இந்தக் குற்றங்கள்தான் படித்த பெண்களின் மனத்தைத் தைத்தன.

குறை இல்லாத எழுத்து என்று சொல்ல முடியாது. ஒருவரை ஒருவர் தற்செயலாகச் சந்திப்பது அளவுக்கு மீறி நடக்கும். நல்லவர் நல்லவராகவே இருப்பார். கெட்டவர் கடைசியில் திருந்தி அழுவார். நடை இழுக்கும். 115 நாவல் எழுதுகிறவருக்கு ஒரு நாவலை மூன்று முறை திருத்தி எழுத நேரம் ஏது? இலக்கிய விமரிசகர்கள் அவரைப் பெரும்பாலும் கண்டு கொள்ளவில்லை. ஆனால் அவருடைய வாசகிகள் விமரிசனம் படிக்கிறவர்கள் அல்ல. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி மத்தியான வேளையில் உரக்கப் படிப்பாள். மற்றவர்கள் அரிசி புடைத்துக் கொண்டே கேட்பார்கள். ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தார்கள் என்பதை விட, பத்துப் பேர் கேட்டார்கள் என்பதே பொருத்தம். அடுத்த மாதக் கதைக்காகவே எழுத்துப் பழகிய பெண்கள் உண்டு. ஒரு காலத்தில் இன்னொருத்தியின் கையை எதிர்பார்த்த கோதைநாயகிக்கு இதை விடப் பெரிய பரிசு வேறு இருக்க முடியாது.

பட்டுப் புடைவை போயிற்று

பத்திரிகை தொடங்கிய அதே 1925-ம் ஆண்டு காந்திஜி சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் காங்கிரஸ் தலைவர் எஸ்.சீனிவாச அய்யங்காரின் வீட்டில் தங்கினார். அய்யங்காரின் மகள் அம்புஜம்மாள் கோதைநாயகியின் தோழியானவர். காந்திஜியை நேரில் பார்த்தது கோதைநாயகியின் வாழ்க்கையை மாற்றி விட்டது.

அதுவரை பட்டுப் புடைவையும் நகையுமாக இருந்தவர், அன்று முதல் கதருக்கு மாறினார். ஆடம்பர நகைகளை விலக்கினார். இது சின்ன விஷயம் அல்ல. அந்தக் காலத்தில் கதர்ப் புடைவை சாக்குப் போல முரடாக இருக்கும். துவைத்து உலர்த்துவதே பெரும் பாடு. சுமங்கலிப் பெண் நகையைக் கழற்றினால் உறவினர் என்ன சொல்வார்கள் என்று சொல்லத் தேவை இல்லை.

பிறகு மேடை வந்தது. காங்கிரஸ் கூட்டங்களில் கோதைநாயகி அம்மாள் பேசினார். பேச்சுக்கு முன்னால் தேசியப் பாடல் பாடுவார். ஒலிபெருக்கி எங்கும் வராத காலம். தொண்டைதான் ஒலிபெருக்கி. கதை சொல்லிப் பழகிய அவருக்குக் கூட்டத்தை உட்கார வைப்பது கஷ்டமாக இல்லை. ராஜாஜி, சத்தியமூர்த்தி, காமராஜர் போன்ற தலைவர்கள் இருந்த மேடைகளில் அவரும் பேசினார். அம்புஜம்மாள், ருக்மணி லட்சுமிபதி முதலியோருடன் சேர்ந்து கதர் விற்றார், மறியல் செய்தார்.

சிறைக்குள்ளே ஒரு நாவல்

கள்ளுக்கடை மறியலும் அந்நியத் துணி மறியலும் மும்முரமாக நடந்த காலம் அது. கோதைநாயகி அம்மாளும் மறியலில் இறங்கினார். கைது செய்தார்கள். 1932-ல் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

வீட்டில் சிறுவன் சீனிவாசன் இருந்தான். அவர்களுக்கு ஒரே பிள்ளை. வெளியே பத்திரிகை இருந்தது. சந்தாதாரர்கள் இருந்தார்கள். கடன்காரர்களும் இருந்திருப்பார்கள், பத்திரிகை நடத்துகிறவருக்குக் கடன் இல்லாமல் இருக்காது. இத்தனையையும் வைத்துக் கொண்டு ஒரு பெண் மறியலுக்குப் போனார் என்றால், என்ன நடக்கும் என்று தெரியாமல் போனார் என்று நினைக்க வேண்டாம். தெரிந்துதான் போனார்.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. அங்கே பல தரப்பட்ட பெண்களைப் பார்த்தார். அரசியல் கைதிகள் மட்டும் அல்ல, குற்றம் செய்து வந்தவர்களும் இருந்தார்கள். 'உத்தமசீலன்' நாவலை அவர் எழுதியது சிறையில்தான்.

அவருடைய நாவல்கள் சினிமாக்காரர்கள் கண்ணிலும் பட்டன. 'ராஜமோகன்' 1937-லும், 'அனாதைப் பெண்' 1938-லும் படமாக வந்தன. பேசும் படம் தமிழில் 1931-ல்தான் வந்தது. ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் எழுதிய இரண்டு கதைகள் திரைக்கு வந்துவிட்டன.

பட்டணம் காலியான போது

1942-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை நகரமே காலியாயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பயம். முதல் யுத்தத்தில், 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் கப்பல் வந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய நகரம் அல்லவா? பழைய பயம் திரும்பி வந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறினார்கள். மயிலாப்பூர், சாந்தோம், திருவல்லிக்கேணி வீதிகளில் வீடுகள் பூட்டிக் கிடந்தன.

நாவலில் பட்டணத்தையே கட்டி ஆண்டவரும் பட்டணத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கோதைநாயகி அம்மாள் குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனார். காகிதத்துக்குக் கடும் பஞ்சம். கட்டுப்பாடு வேறு. எத்தனையோ பெரிய பத்திரிகைகளே பக்கத்தைக் குறைத்தன; சில நின்றும் போயின. 'ஜகன்மோகினி'யை அவர் கைவிடவில்லை.

கிராமத்துக்கு வந்தவர் கிராமத்தையும் பார்த்தார். வைத்தியமும் பள்ளிக்கூடமும் எட்டாத பெண்களைப் பார்த்தார். அவருடைய பிற்காலத் தொண்டுக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சேவா சங்கம்

நாடு விடுதலை அடைந்தது. 1948 ஜனவரி 30-ந் தேதி காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்டார். கோதைநாயகி அம்மாள் அந்த ஆண்டே திருவல்லிக்கேணியில் 'மகாத்மாஜி சேவா சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கைத்தொழிலும் படிப்பும் பாட்டும் சொல்லிக் கொடுப்பது அதன் வேலை. தானே முன் நின்று நடத்தினார்.

தியாகி என்ற முறையில் சர்க்கார் அவருக்கு 10 ஏக்கர் நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை வினோபாஜியின் பூமிதான இயக்கத்துக்குக் கொடுத்து விட்டார். பத்திரிகை நடத்திக் கொழுத்தவர் அல்ல அவர். 10 ஏக்கர் நிலம் அந்தக் குடும்பத்துக்கு வேண்டாத சொத்தும் அல்ல. ஆனாலும் கொடுத்தார்.

பெற்ற வயிறு

தன் கதைகளில் எத்தனையோ தாய்மார்களை அழ வைத்தவர் கோதைநாயகி அம்மாள். பிரிந்த மகன் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்து தாயின் காலில் விழுவான். வாசகிகள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

1956-ல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்து விட்டார்.

அந்த அடியில் இருந்து அம்மையார் எழுந்திருக்கவே இல்லை. எழுத்து குறைந்தது. உடம்பு இளைத்தது. பிறகு காச நோய் பற்றிக் கொண்டது. அப்போது காச நோய்க்கு மருந்து வந்துவிட்ட காலம்தான். ஆனால் மனம் ஒடிந்த உடம்பில் மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்யும்?

1960-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி கோதைநாயகி அம்மாள் காலமானார். வயது 58. அவரோடு 'ஜகன்மோகினி'யும் முடிந்தது.

சித்தி

ஆறு ஆண்டு கழித்து, 1966-ல் 'சித்தி' என்று ஒரு படம் வந்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர்.ராதா நடித்த படம். கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் டைரக்ட் செய்தார். தம்பியின் படிப்புக்காகத் தன் ஆசைகளை எல்லாம் தியாகம் செய்து, வயதான மனிதருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்படும் ஒரு பெண்ணின் கதை. அவள் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சித்தியாகிறாள். தமிழ்நாடு முழுவதும் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

அந்தக் கதை கோதைநாயகி அம்மாள் எழுதிய 'தயாநிதி' நாவல்தான். கொட்டகையில் உட்கார்ந்து அழுத இளம் பெண்களில் பலருக்கு அது தெரியாது. அவர்களுடைய பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியான வேளையில், யாரோ உரக்கப் படிக்க, அரிசி புடைத்துக் கொண்டே கேட்டவர்கள் அவர்கள்.

அந்தக் கால நாவல்கள் இப்போது அருமையாகத்தான் கிடைக்கின்றன. மயிலாப்பூர் லஸ் முனைப் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது ஒன்று அகப்படும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம் அந்தக் காலத்து நாவல்களையும் பத்திரிகைகளையும் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கிறது. கைக்குக் கிடைக்கும் பிரதிகளில் பலவற்றுக்கு அட்டை இருப்பதில்லை. பல கை மாறிய புத்தகத்தில் முதலில் கிழிவது அட்டைதான். உள்ளே பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, யாரோ ஒரு பெண் தடித்த நூலால் தைத்த தையலோடு அப்படியே இருக்கும்.